பாசண்டம்

பாசண்டம்: வேதநெறிக்குப் புறம்பான சமயத்தைக் குறிக்கும் சொல். வடமொழியில் பாஷண்டம் எனப்படும். அந்நெறி நிற்போர் பாசண்டர், பாசண்டிகள் எனப்படுவர். பிற்காலத்து நூல்கள் இதனை நிந்தைச் சொல்லாக ஆளினும், மிகப் பழைய சாசனங்களில் இதற்கு இழிபொருள் இல்லை.

சொற்பிறப்பு: 'பா' என்பது உலகைக் காக்கும் வேததருமம் என்றும், அதனைச் சிதைப்போர் பாசண்டர் என்றும் வடநூலார் சிலர் கூறுவர். இது பழிப்பொருள் நிலைத்த பின்னர் அதற்கேற்பப் புனைந்த விளக்கமாகும். அசோக மன்னரின் ஷாபாஸ்கடிக் கல்வெட்டில் இச்சொல் 'பிரஷண்ட' என ரகரத்தோடு காணப்படுவதால், அவையைக் குறிக்கும் 'பரிஷத்' என்பதன் வழிவந்த 'பார்ஷத' என்பதே இதன் மூலமாகலாம் என்பது ஆராய்ச்சியாளர் சிலர் கருத்து.

வரலாறு: கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோக மன்னர், தம் பாசண்டத்தைப் புகழ்ந்து பிறர் பாசண்டத்தை இகழ்வோர் தம்முடையதற்கே ஊறு செய்கின்றனர் என்று 12ஆம் பாறைச் சாசனத்தில் அறிவுறுத்தியபோது, எல்லாச் சமயக் கூட்டத்தாரையும் இச்சொல்லாலேயே சுட்டினார். கந்தகாரில் 1963இல் கண்டெடுக்கப்பட்ட அச்சாசனத்தின் கிரேக்க வடிவம், தத்துவப் பள்ளியைக் குறிக்கும் 'தியாத்ரிபே' என்னும் சொல்லால் இதனைப் பெயர்த்துள்ளமை அக்காலத்துப் பொருளுக்குத் தக்க சான்றாகும். கலிங்க மன்னர் காரவேலரும், எல்லாப் பாசண்டங்களையும் போற்றுபவர் என்பதனை ஹாத்திகும்பாக் கல்வெட்டில் தமக்குரிய விருதாகவே பொறித்துக்கொண்டார்.

தரும நூல்களிலோ நிலை வேறு. மனுதரும சாத்திரம் பாசண்டியரை வாய்ச்சொல்லாலும் உபசரித்தலாகாது என விலக்கி, அவர்களை நகரினின்றும் அகற்றுமாறு அரசனுக்கு விதிக்கிறது. கௌடிலீயம் அவர்களுக்குச் சுடுகாட்டின் எல்லையில் உறைவிடம் வகுக்கிறது. பாசண்டி ஒருவனுடன் உரையாடிய குற்றத்திற்காகச் சததநு என்னும் மன்னன் நாயாகவும் நரியாகவும் பிறவிகள் பல எடுத்த கதையை விஷ்ணு புராணம் விரித்துரைக்கிறது. இவ்வீழ்ச்சியின் தொடர்ச்சியாகவே, இன்று இந்தியில் 'பாகண்ட்' என்பது போலிப் பக்தியையும், வங்காளியில் 'பாஷண்ட' என்பது ஈரமற்ற கொடியோனையும் குறிக்கின்றன.

தமிழில்: சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில், புகார் நகரத்துக் கோயில் கொண்ட தெய்வமொன்று பாசண்டச் சாத்தன் எனப் பெயர் பெற்றுள்ளது. பாசண்டமாவது தொண்ணூற்றாறு வகைச் சமய சாத்திரங்களின் தருக்கக் கோவை என்பர் உரைகாரர். ஆகவே, அவற்றில் வல்ல தெய்வம் என்பதே அப்பெயரின் பொருளாகின்றது. தரும நூல்கள் ஊர்ப்புறத்தே ஒதுக்கிய சொல், புகாரில் கோயிலினுள் வழிபடப்பெற்றது.