வாசலில் நிற்கும் காரும் வீட்டு மின்சாரமும்

திருத்தணிக்கு அருகிலுள்ள கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களில், காருக்கு எரிபொருள் வேண்டுமாயின் பெட்ரோல் நிலையத்தை நாடிச் செல்வதே நெடுநாளைய வழக்கம். இப்பொழுது வீட்டுச் சுவரிலிருந்தே மின்சாரத்தை ஏற்றிக்கொள்ளும் கார்கள் வந்துவிட்டன. அவற்றுள் ஒரு வகை, மின்சாரத்தாலும் ஓடும். மின்சாரம் தீர்ந்தால் பெட்ரோலாலும் ஓடும். அதனைப் 'பிளக்-இன் ஹைப்ரிட்' என்கிறார்கள். அத்தகைய கார் ஒன்றை வாங்க எண்ணும் குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி, வீட்டில் எந்தச் சார்ஜரைப் பொருத்துவது என்பதாகும். இது கடைக்காரர் விடை சொல்லவேண்டிய கேள்வி என்று தோன்றலாம். ஆயினும், இதற்குச் சரியான விடை வரலாற்றில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அந்த வரலாற்றை மாணவ நண்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

மின்சாரக் கார் புதியதன்று. 1859 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே, மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தக்கூடிய ஈய மின்கலத்தைக் கண்டுபிடித்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மின்கலத்தால் ஓடும் வண்டிகள் தெருவுக்கு வந்துவிட்டன. அவை புகை கக்கவில்லை, இரைச்சலிடவில்லை, கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தைக் கிளப்பும் தொல்லையும் இல்லை. பெட்ரோல் கார்களை ஆயிரக்கணக்கில் செய்து குவித்த ஹென்றி ஃபோர்டின் மனைவியார் கிளாரா அம்மையாரே, 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்னும் மின்சாரக் காரைத்தான் ஓட்டிவந்தார்.

அந்நாளில் ஒரு சிக்கல் இருந்தது. வீடுகளுக்கு வந்த மின்சாரம் பெரும்பாலும் திசை மாறிமாறிப் பாயும் மாறு மின்னோட்டமாகிக்கொண்டிருந்தது. மின்கலமோ ஒரே திசையில் பாயும் நேர் மின்னோட்டத்தை மட்டுமே ஏற்கும். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது. 1902 இல் அமெரிக்கரான பீட்டர் கூப்பர் ஹியூவிட் பாதரச ஆவியைக் கொண்டு இயங்கும் திருத்தியைக் கண்டுபிடித்தார். கண்ணாடிக் குடுவைக்குள் நீலப் பச்சை ஒளி தவழ, அது மின்சாரத்தைத் திருத்தித் தந்தது. செல்வர் வீட்டுக் கார்க் கொட்டகையில் நின்ற அந்தக் கருவியே இன்றைய வீட்டுச் சார்ஜருக்கு மூதாதை எனலாம்.

நம் சென்னை மாநகரம் அக்காலத்தில் மற்றொரு வழியைக் கண்டது. 1895 ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே முதன்முறையாக மின்சார டிராம் சென்னையில் ஓடத் தொடங்கி, 1953 வரை ஓடியது. டிராம் வண்டி மின்சாரத்தைச் சுமந்து செல்லவில்லை; ஓடும்போதே கம்பியிலிருந்து பெற்றுக்கொண்டது. கம்பி இருக்கும் இடத்திற்கு மட்டுமே அது போகும். எங்கும் போகவேண்டிய கார் தன் மின்சாரத்தைத் தானே சுமக்கவேண்டும். சுமப்பதற்கு முன் எங்கேனும் நின்று நிரப்பிக்கொள்ளவேண்டும். 'எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது' என்னும் இரண்டு கேள்விகளுமே மின்சாரக் காரின் வரலாற்றை ஆட்டிவைத்தன. பெட்ரோல் மலிந்தது, 1912 இல் விசையை அழுத்தினால் இயந்திரம் கிளம்பும் ஏற்பாடும் வந்தது. மின்சாரக் கார் மெல்ல மெல்ல மறைந்தது.

கார் மறைந்தாலும், அதற்கு வேண்டிய மின்சாரம் நம் ஊர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932 இலும், மேட்டூர் 1937 இலும், பாபநாசம் 1944 இலும் மின்சாரம் வழங்கத் தொடங்கின. 1957 ஜூலை முதல் நாள் சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. சிற்றூர்களுக்கும் கிணற்றுப் பம்புகளுக்கும் மின்சாரம் கொடுப்பதில் அந்நாளில் நம் மாநிலம் முன்னணியில் நின்றது. அப்பொழுது திருத்தணி ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாள் அது தமிழகத்தோடு இணைந்தது. நிலத்தின் எல்லை இவ்வாறு மாறியது. மின்சாரமோ எல்லைகளைக் கடந்து ஒன்றாகிக்கொண்டே வந்தது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னகத்தின் மின்தொகுப்பு நாட்டின் ஏனைய தொகுப்போடு இணைந்தது. இன்று திருத்தணியிலும், எல்லைக்கு அப்பால் நகரியிலும், தொலைவிலுள்ள தில்லியிலும் வீட்டிற்கு வருவது நொடிக்கு 50 முறை அலைவுறும் 230 வோல்ட் மின்சாரமே. இந்த 230 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஹைப்ரிட் காருக்கு வருவோம். பெட்ரோல் இயந்திரத்தையும் மின்சார மோட்டாரையும் ஒரே வண்டியில் பூட்டும் முயற்சியை 1900 ஆம் ஆண்டையொட்டியே ஃபெர்டினாண்ட் போர்ஷே செய்துபார்த்தார். அக்கருத்து பெருவாரியாகப் பயனுக்கு வந்தது, 1997 இல் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 'பிரியஸ்' காரை விற்கத் தொடங்கியபோதுதான். ஆனால் அந்தப் பிரியஸுக்குச் செருகி கிடையாது. அதன் மின்சாரமெல்லாம் பெட்ரோலிலிருந்தும், தடை போடும்போது மீளும் ஆற்றலிலிருந்தும் வந்தது. 2004 இல் கலிபோர்னியாவில் ஆர்வலர் சிலர் அந்தக் காரில் கூடுதல் மின்கலங்களை ஏற்றி, வீட்டுச் சுவரில் செருகிக் காட்டினர். 2008 இல் சீனாவில் பி.ஒய்.டி. நிறுவனமும், 2010 இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் செருகியுடன் கூடிய ஹைப்ரிட் கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன.

அமெரிக்கக் காரான 'வோல்ட்' நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. அந்நாட்டு வீடுகளில் சாதாரணச் செருகுவாயின் மின்னழுத்தம் 120 வோல்ட். அதில் அந்தக் கார் நிரம்பச் சுமார் 10 மணி நேரம் ஆயிற்று. 240 வோல்ட் சார்ஜரைத் தனியாகப் பொருத்தினால் சுமார் 4 மணி நேரத்தில் நிரம்பியது. ஆகவே அமெரிக்கர் தனிச் சார்ஜர் வாங்குவதில் பொருள் உண்டு. நம் நிலை வேறு. நம் வீட்டுச் செருகுவாயிலேயே 230 வோல்ட் இருக்கிறது. 16 ஆம்பியரால் பெருக்கிப் பாருங்கள்: 3,680 வாட், அதாவது ஏறத்தாழ 3.7 கிலோவாட். 2001 இல் பெங்களூரில் விற்பனைக்கு வந்த 'ரேவா' என்னும் சிறு மின்சாரக் கார், இத்தகைய வீட்டுச் செருகுவாயை நம்பியே செய்யப்பட்டது. அமெரிக்க நூல்களைப் படித்து, அவர்கள் கூறும் அறிவுரையை அப்படியே நம் வீட்டிற்குக் கொண்டுவருவது பொருந்தாது.

மற்றொரு செய்தியும் உண்டு. சுவரில் தொங்கும் பெட்டியைச் சார்ஜர் என்று அழைக்கிறோம். உண்மையில் மாறு மின்னோட்டத்தை நேர் மின்னோட்டமாக்கும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. கூப்பர் ஹியூவிட்டின் குடுவை கொட்டகையை விட்டுக் காருக்குள் குடிபுகுந்துவிட்டது என்று சொல்லலாம். சுவர்ப்பெட்டி, காருடன் பேசி, பாதுகாப்பை உறுதிசெய்து, மின்சாரத்தைத் திறந்துவிடும் காவலாளி மட்டுமே. பல ஹைப்ரிட் கார்களின் உட்கருவி ஏற்பது சுமார் 3.7 கிலோவாட்தான். அத்தகைய காருக்கு 7 அல்லது 11 கிலோவாட் சுவர்ப்பெட்டி வாங்கினாலும் ஒரு நிமிடமும் மிச்சமாகாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இங்கும் பொருந்தும்.

செருகியின் வடிவத்திலும் வரலாறு எச்சரிக்கிறது. 1996 இல் வெளிவந்த ஜெனரல் மோட்டார்ஸின் 'ஈ.வி.1' கார், உலோகம் தொடாமல் காந்தப் புலத்தால் மின்னேற்றும் துடுப்பு ஒன்றைக் கொண்டிருந்தது. 2001 இல் கலிபோர்னிய அரசு வாரியம் உலோகத் தொடர்புள்ள முறையையே தரமாகத் தேர்ந்தது. துடுப்புச் சார்ஜர்கள் பயனற்றுப் போயின. பின்னர் ஐரோப்பா 'டைப் 2' என்னும் செருகியைப் பொதுத் தரமாக ஏற்றது. இந்தியாவிலும் கார்களுக்கு அதுவே பெருவழக்கு. பொதுத் தரத்தில் அமையாத ஒன்றை மலிவு கருதி வாங்குதல் தகாது.

கே.ஜி.கண்டிகையில் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். நாள்தோறும் திருத்தணி சென்று மீள்வது சில கிலோமீட்டரே. அதற்கு மின்சாரம் போதும். சென்னைக்குச் சுமார் 85 கிலோமீட்டர் செல்லும் நாளில் பெட்ரோல் துணைவரும். மின்கலம் 12 யூனிட் கொள்ளுமென்றால், காரோடு வரும் கம்பியை 10 ஆம்பியரில் வைத்தாலும் சுமார் 6 மணி நேரத்தில் நிரம்பும். இரவு ஒன்பதுக்குச் செருகினால் விடியுமுன் கார் ஆயத்தம். 2022 ஜனவரியில் மத்திய மின்துறை வெளியிட்ட நெறிமுறைகளும், வீட்டில் ஏற்கனவே உள்ள மின் இணைப்பிலேயே கார்களுக்கு மின்னேற்றலாம் என்கின்றன. எனவே, விலையுயர்ந்த பெட்டி இக்குடும்பத்திற்கு இன்றியமையாததன்று.

இன்றியமையாதது சுவருக்குப் பின்னால் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியும் மிக்ஸியும் சில நிமிடங்களே மின்சாரம் உண்ணும். கார் ஆறு மணி நேரம் ஓயாது உண்ணும். பழைய மெல்லிய கம்பியும் தளர்ந்த செருகுவாயும் அந்நேரமெல்லாம் சூடேறிக்கொண்டிருக்கும். வீட்டார் உறங்கும் வேளையில் தீப்பிடிக்கும் ஆபத்து இதில்தான் உள்ளது. ஆதலால் மீட்டர்ப் பலகையிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர்ச் செப்புக் கம்பியைத் தனியாக இழுத்து, தரமான 16 ஆம்பியர்ச் செருகுவாயைப் பொருத்தவேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவை உணர்ந்தவுடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியும், நன்கு அமைந்த எர்த்தும் வேண்டும். நீட்டிப்புப் பெட்டியில் செருகுதல் கூடவே கூடாது. வீட்டிற்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு போதாதெனில், மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பித்து உயர்த்திக்கொள்ளவேண்டும். உழவர்க்குக் கட்டணமின்றித் தரப்படும் பம்புசெட் இணைப்பிலிருந்து காருக்கு மின்சாரம் எடுப்பது முறையாகாது. அது பயிருக்கென நாடு ஈந்தது.

பிற்காலத்தில் முழு மின்சாரக் கார் வாங்கும் எண்ணமிருந்தால், இப்பொழுதே 6 சதுர மில்லிமீட்டர்க் கம்பியை இழுத்துவைப்பது சிக்கனம். பெட்டியைப் பின்னர் மாற்றலாம். சுவரை மீண்டும் உடைப்பதே செலவு.

மாணவ நண்பர்களே! இன்று மாலை உங்கள் வீட்டு மீட்டர்ப் பலகையின் முன் சற்று நின்று பாருங்கள். எத்தனை ஆம்பியர் விசை பொருத்தப்பட்டிருக்கிறது, எர்த் கம்பி எங்கே செல்கிறது, கட்டண அட்டையில் எவ்வளவு மின்பளு குறிக்கப்பட்டிருக்கிறது என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டறியுங்கள். எதையும் தொட வேண்டா. வாசலில் கார் வந்து நிற்கும் நாளில், எந்தச் சார்ஜர் என்னும் கேள்விக்கு உங்கள் வீட்டில் விடை சொல்லக்கூடியவர் நீங்களாகவே இருப்பீர்கள்.