வானத்தை உலகுக்கு உரைத்தவர்: அக்னெஸ் கிளார்க் அம்மையார்

வானநூலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டறிந்தோரையே போற்றுவர். கொப்பர்னிக்கஸ், கலிலியோ, கெப்ளர், நியூற்றன், ஹேர்ஷல் என நீளும் அவ்வரிசையிலே, பிறர் கண்டவற்றைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, பொதுமக்களுக்கு எடுத்துரைத்த எழுத்தாளர்க்கு இடமளிப்பார் சிலரே. ஆயினும் ஒருவர் கண்ட உண்மை ஆய்வேட்டினுள்ளேயே கிடக்குமாயின் அஃது அத்துறையினர் சிலர்க்கே உடைமையாகும். அதனை உலகின் உடைமையாக்குவது உரைப்போரின் தொழில். அதுவும் புலமைத் தொழிலாகுமா? ஆகுமெனின் அதற்குரிய கடமை யாது? எல்லை யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, அத்தொழிலையே தம் வாழ்க்கையாகக் கொண்ட அக்னெஸ் மேரி கிளார்க் அம்மையாரின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

அம்மையார் 1842 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 10 ஆம் நாள், அயர்லாந்தின் தென்பாலுள்ள ஸ்கிபரீன் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் வங்கி முகாமையாளர். அவரிடம் நான்கு அங்குல வில்லையுடைய தொலைகாட்டியொன்று இருந்தது. விண்மீன்களின் செலவை நோக்கி நேரத்தைக் கணித்து, அதனை ஊரவர்க்கு அறிவித்து வந்தவர் அவர். பல்கலைக்கழக வாயில்கள் பெண்களுக்கு அடைக்கப்பட்டிருந்த காலம் அது. எனவே அம்மையாரும், பின்னாளில் தாமும் வானநூல் எழுதிய அவர் தமக்கையாரும், வீட்டிலேயே கல்வி பயின்றனர்.

1867 இல் அம்மையார் இத்தாலிக்குச் சென்றார். அங்கே கழித்த பத்து ஆண்டுகளிற் பெரும்பகுதி புளோரன்ஸ் நகரத்து நூலகத்திலே சென்றது. பட்டம் பெறாத அவருக்கு அந்நூலகமே பல்கலைக்கழகமாயிற்று. 1877 இல் குடும்பத்தார் இலண்டன் மாநகரிற் குடியேறினர். அவ்வாண்டிலேயே 'எடின்பரோ றிவியூ' என்னும் புகழ்பெற்ற காலாண்டிதழில் அவருடைய கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று சிசிலித் தீவின் கொள்ளைக்கூட்டத்தாரைப் பற்றியது. மற்றொன்று கொப்பர்னிக்கஸ் இத்தாலியில் வாழ்ந்த காலத்தைப் பற்றியது. பின்னர் 'என்சைக்கிளோபீடியா பிரிட்டானிக்கா'வின் ஒன்பதாம் பதிப்பில் கலிலியோ, இலப்பிளாஸ் முதலியோர் வரலாறுகளை எழுதும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காலத்து வானநூலின் நிலையை ஈண்டு நோக்குதல் வேண்டும். விண்மீன்கள் எப்பொருள்களால் ஆயவை என்பதை மனிதன் ஒருபோதும் அறியவியலாது என்று பிரெஞ்சுத் தத்துவஞானி ஒகுஸ்த் கொம்த் 1835 இல் எழுதினார். இருபத்தைந்து ஆண்டுகள் செல்லுமுன்னரே அக்கூற்றுப் பொய்த்தது. 1859 இல் ஜேர்மனிய அறிஞரான கேர்ச்சோவ், சூரிய ஒளியின் நிறமாலையிலே காணப்படும் கருங்கோடுகள் அங்குள்ள மூலகங்களின் அடையாளங்களே என்பதை விளக்கினார். 1864 இல் வில்லியம் ஹகின்ஸ், வான்முகில் எனப்படும் மங்கிய ஒளித்திட்டுகளுள் ஒன்று வாயுவாலாயது என்பதை நிறமாலை கொண்டே காட்டினார். 1868 இல் சூரியனில் ஒரு புதிய மஞ்சட் கோடு காணப்பட்டது. அதற்குரிய ஹீலியம் என்னும் வாயு பூமியிற் பிரித்தறியப்பட்டதோ 1895 இலேயாம். விண்மீன் எங்கே உளது என்று வினவிய பழைய வானநூலின் அருகே, அஃது எத்தகையது என்று வினவும் புதிய வானநூல் இவ்வாறு தோன்றிற்று. ஆனால் இச்செய்திகள் பல நாடுகளின் அறிக்கைகளிலே, பல மொழிகளிலே சிதறிக் கிடந்தன. அவற்றை ஒருங்கு காண்பார் இலர்.

அக்குறையை நிறைவுசெய்தது 1885 இல் அம்மையார் வெளியிட்ட 'பத்தொன்பதாம் நூற்றாண்டு வானநூலின் பொதுமக்கள் வரலாறு' என்னும் பெருநூலாகும். நூற்றாண்டின் முற்பாதியை முதற் பகுதியும், அண்மைக்கால வளர்ச்சியை இரண்டாம் பகுதியும் கூறின. அவர் பிறர் சுருக்கங்களை நம்பினாரல்லர். மூல அறிக்கைகளையே தேடிக் கற்று, ஒவ்வொரு செய்திக்கும் அடிக்குறிப்பிற் சான்று காட்டினார். அவதான நிலையங்களின் தலைவர்களோடு கடிதத் தொடர்பு பூண்டு ஐயங்களைத் தெளிந்தார். 1887, 1893, 1902 ஆகிய ஆண்டுகளில் மறுபதிப்புகள் வெளிவந்தன. வளர்ந்துவரும் துறையைப் பற்றி எழுதுவோன் தன் நூலை முடிந்ததாகக் கொள்ளலாகாது என்பதற்கு அவை சான்றாகும். அவருடைய நடை எளிமை கருதிப் பொருளைக் குறைப்பதன்று. பொதுமக்களுக்கென எழுதப்பட்ட அந்நூலை ஆய்வாளரும் கையேடாகக் கொண்டனர். இன்றும் வரலாற்றாசிரியர் அதனை நாடுகின்றனர்.

தொலைகாட்டியின்முன் இராக்காலங்களைக் கழியாத ஒருவர், கழித்தோரின் முடிவுகளைச் சீர்தூக்கலாமோ என்று கடாவினாரும் உளர். அக்கடாவில் நியாயம் ஓரளவு உண்டு; அம்மையாரும் அதனை உணர்ந்தார் போலும். நன்னம்பிக்கை முனை அவதான நிலையத்தின் தலைவர் டேவிட் கில் அழைத்தபோது, 1888 இல் அங்குச் சென்று சில திங்கள் தங்கி, விண்மீன்களின் நிறமாலைகளைத் தாமே ஆராய்ந்தார். எனினும் கிறீனிச் அவதான நிலையத்திற் கணிப்பாளர் பதவி கிடைக்கவிருந்தபோது அதனை ஏற்றிலர். எழுத்தே தம் பணியெனத் துணிந்தார்.

அவரிடத்துக் குறை இல்லையென்று கூறுதல் வரலாற்றுக்கு அழகன்று. 1890 இல் வெளியிட்ட 'விண்மீன்களின் தொகுதி' என்னும் நூலிலே, வான்முகில்களுள் எதுவும் நம் பால்வீதிக்கு இணையான தனியோர் உலகத்தொகுதியாகாது என்றும், அவ்வினா முடிவுற்றதே என்றும் உறுதியாக உரைத்தார். அக்காலத்து அறிஞர் பலரின் கருத்தும் அதுவே. ஆயினும் எட்வின் ஹபிள் அன்ட்ரோமீடா வான்முகிலிலே ஒளிமாறும் விண்மீன்களைக் கண்டு அதன் தூரத்தை அளந்து, 1925 இன் தொடக்கத்தில் அறிவித்தபோது, அது பால்வீதிக்கு அப்பாற்பட்டதென்பது தெளிவாயிற்று. கிடைத்த சான்றுகளை அம்மையார் திரித்தாரல்லர். சான்றுகள் காட்டிய எல்லைக்கு அப்பாலும் உறுதி கூறியதே தவறு. கண்டறிவோன் தவறினால் அவன் துறையினர் திருத்துவர். உரைப்போன் தவறினாலோ ஒரு தலைமுறையே அதனை உண்மையெனக் கற்கும். ஆதலின் அறிந்ததை உரைக்கும் கடமையோடு, அறியப்படாததை அறியப்படாததென்றே உரைக்கும் கடமையும் அவனுக்குண்டு.

இவ்வொரு வழுவினால் அவர் புலமை குன்றிவிடவில்லை. இலண்டனிலுள்ள அரச வானியற் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்கியது 1916 இலேயாம். அதற்கு முன்னரே, 1903 இல், ஹகின்ஸ் அறிஞரின் மனைவியாரோடு அம்மையாரையும் அது கௌரவ உறுப்பினராக ஏற்றது. 1907 ஜனவரி 20 ஆம் நாள் அவர் இலண்டனிற் காலமானார். சந்திரனிலுள்ள சிறு பள்ளமொன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கோளொன்றையோ விண்மீனொன்றையோ அவர் கண்டுபிடித்தாரல்லர். ஆயினும் பிறர் கண்டவை சிதறி மறையாவண்ணம் ஒரு வரலாறாகக் கோத்தளித்தார். முன்னே தொடுத்த வினாவுக்கு விடை இதுவே: மூலங்களைத் தேடுதல், சான்று காட்டுதல், புதியது வரின் பழையதைத் திருத்துதல் ஆகிய மூன்றும் உளவாயின், எடுத்துரைத்தலும் புலமையேயாம். பட்டமும் பதவியும் வாய்க்கும்வரை காத்திராது, நூலகத்தையே ஆசானாகக் கொண்டு அதனைச் செய்து முடிக்கலாம் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகின்றது. விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர், தாம் கற்பதைத் தம் வீட்டார்க்கும் ஊரார்க்கும் விளங்கவுரைக்கும் ஆற்றலையும் கல்வியின் ஒரு கூறாகவே கருதிப் பயில்வாராக.