எடிசன் தோற்றார் என்று சொன்னேனே...



எட்டாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். "எடிசனின் டிசி தோற்றது, டெஸ்லாவின் ஏசி வென்றது" என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடுவேன். அதைத் திருத்த வேண்டியிருக்கிறது. போன மாதம் எங்கள் மாடியில் சோலார் பொருத்த வந்தவன் என் பழைய மாணவன். சுவரில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டு, "சார், இது ரெண்டு பக்கமும் மாத்தும்" என்றான். அன்று தொடங்கிய படிப்பு இது.

1882-இல் நியூயார்க் பேர்ல் தெருவில் எடிசன் கொடுத்தது 110 வோல்ட் டிசி. ஒரு மைல் போவதற்குள் சோர்ந்துவிடும். ஏசியை மின்மாற்றியால் ஏற்றி இறக்கலாம். 1896-இல் நயாகராவிலிருந்து பஃபலோ நகரம் வரை போனது. இதுவரை நான் நடத்தியது சரிதான்.

நடத்தாமல் விட்டது, டிசி சாகவே இல்லை என்பதை. டிராமுக்கும் லிஃப்டுக்கும் டிசிதான் வேண்டியிருந்தது. நம் சென்னை கடற்கரை–தாம்பரம் மின்ரயிலே 1931-இல் 1500 வோல்ட் டிசியில்தான் ஓடத் தொடங்கியது. ஏசியை டிசியாக்க முதலில் யானை கனத்தில் சுழலும் இயந்திரங்கள் இருந்தன. 1902-இல் பீட்டர் கூப்பர் ஹெவிட் பாதரச ஆவிக் குழாயைக் கொண்டுவந்தார். 1954-இல் சுவீடனில் கடலடியே காட்லாந்து தீவுக்கு டிசி மின்சாரம் போனது பாதரச வால்வுகளை நம்பித்தான். 1957-இல் தைரிஸ்டர் வந்தது. கையளவு சிலிக்கான், பாதரசத்தை ஓரங்கட்டியது. எடிசன் காலத்து டிசி இணைப்பை நியூயார்க்கில் கடைசியாகத் துண்டித்தது எப்போது தெரியுமா? 2007 நவம்பரில்! நான் "கதை முடிந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்த வருடங்களில் அங்கே டிசி ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது சோலார் தகடு, பேட்டரி, எல்இடி எல்லாமே டிசி. அதனால் ஒரே தெருவில், ஒரே கட்டிடத்தில் ஏசிக்கு ஒரு பாதை, டிசிக்கு ஒரு பாதை என்று சிறு மின்வலையம் அமைக்கிறார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் வீட்டுக்குள் 48 வோல்ட் டிசி கொண்டுவந்தார்கள்.

இரண்டு பாதைக்கும் நடுவே நிற்பதுதான் மாற்றி. டிசி பக்கம் மின்னழுத்தம் ஏறினால் அங்கே மிச்சம் இருக்கிறது. ஏசி பக்கம் அலைவெண் 50-க்குக் கீழே இறங்கினால் அங்கே பற்றாக்குறை. இரண்டையும் பார்த்து, நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடும் சுவிட்சுகளால் மிச்சத்தை இல்லாத பக்கம் தள்ளும். பக்கத்து வீட்டுக்கு ஒரு படி அரிசி கொடுத்து வாங்குகிற மாதிரி.

மின்வாரியத்தில் இருக்கும் பிள்ளைகள் பிழை கண்டால் கீழே எழுதுங்கள். வாத்தியாரென்று தயங்க வேண்டாம்.