ஒரு ரூபாய் வாடகையும் 'இலவசம்' என்ற சொல்லும்

டெல்லி சரிதா விஹாரில் இருக்கிறது இந்திரப்பிரஸ்தா அப்பல்லோ மருத்துவமனை. பெயரைப் பார்த்தால் முழுக்கத் தனியார் என்றுதான் தோன்றும். ஆனால் அதை நடத்தும் இந்திரப்பிரஸ்தா மெடிக்கல் கார்ப்பரேஷன் கம்பெனியில் டெல்லி அரசுக்கு 26 சதவீதப் பங்கு உண்டு. மருத்துவமனை நிற்கும் 15 ஏக்கரும் அரசு குத்தகைக்குக் கொடுத்த நிலம்தான். வாடகை, பேருக்கு ஒரு ரூபாய்.

சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. 1988 ஒப்பந்தப்படி, 600 படுக்கைகளில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 200, ஏழைகளுக்கு இலவசம். புறநோயாளிகளில் 40 சதவீதம் பேருக்கும் அப்படியே. 1996-ல் மருத்துவமனை திறந்தது. அடுத்த வருடமே அகில இந்திய வழக்கறிஞர் சங்கம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. சொன்னபடி இலவச சிகிச்சை நடக்கவில்லை என்பது புகார்.

இனிமேல்தான் விஷயம் சுவாரசியம். சண்டை எல்லாம் 'இலவசம்' என்றால் என்ன என்பதில்தான். கம்பெனி தரப்பு வாதம்: படுக்கைக்கும் டாக்டருக்கும் காசு வாங்க மாட்டோம், மருந்து, ஸ்டென்ட், ஊசி, தையல் நூல் மாதிரி சாமான்களுக்கு நோயாளிதான் கொடுக்க வேண்டும். கேட்க நியாயம் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு இதய சிகிச்சை பில்லை எடுத்துப் பாருங்கள், இந்த சாமான்கள் எவ்வளவு இடத்தைப் பிடிக்கின்றன என்று. ஸ்டென்ட் வாங்கக் காசில்லாதவருக்குப் படுக்கை இலவசமாகக் கிடைத்து என்ன பிரயோஜனம்?

2009 செப்டம்பரில், வழக்குப் போட்டு 12 வருடம் கழித்து, உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: இலவசம் என்றால் மருந்தும் சேர்த்துத்தான். கம்பெனி உச்ச நீதிமன்றம் போனது. அதே நவம்பரில் வந்த இடைக்கால உத்தரவு, சிகிச்சை இலவசம், மருந்துக்கும் சாமான்களுக்கும் காசு வாங்கலாம் என்றது. 'இடைக்காலம்' என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். நம் ஊர் வழக்குகளில் அது பல வருடம் ஓடும்.

இதே டெல்லியில் சலுகை விலைக்கு அரசு நிலம் வாங்கிய மற்ற மருத்துவமனைகள் கதை வேறு. 2007-ல் உயர் நீதிமன்றம் 10 சதவீதப் படுக்கை, 25 சதவீதப் புறநோயாளிகள் என்று வரையறுத்து, எந்தக் கட்டணமும் வாங்கக்கூடாது என்று தெளிவாகவே எழுதியது. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அந்த 10, 25 கணக்கை உறுதி செய்தது. விகிதம் குறைவுதான். ஆனால் சொல்லில் சந்து இல்லை.

2025 மார்ச்சில் அப்பல்லோ வழக்கு மறுபடி செய்தியில் அடிபட்டது. ஏழைகளுக்கு இலவச சிகிச்சை தரவில்லை என்று தெரிந்தால் மருத்துவமனையை எய்ம்ஸிடம் ஒப்படைப்போம் என்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. கடைசி ஐந்து வருட நோயாளிப் பதிவேடுகளையும் பார்க்கச் சொன்னது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்தக் கம்பெனியில் அரசு வெறும் பார்வையாளர் இல்லை, லாபத்தில் பங்கு வாங்கும் முதலாளி. கண்காணிக்க வேண்டியவரும் லாபப் பங்கு வாங்குபவரும் ஒரே ஆள். என் வேலையில், ஸ்பெக்கில் ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் டெஸ்டிங்கில் யாராவது பிடித்துவிடுவார்கள். இங்கே அதைப் பிடிக்க வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞர் சங்கம் வரவேண்டியிருந்தது.