விருப்ப இயக்கத்தில் தண்டுவடத்தின் பங்கு

விருப்ப இயக்கத்துக்குப் பெருமூளை ஆணையிடுகிறது, தண்டுவடம் அதைத் தசைக்குக் கொண்டு சேர்க்கிறது என்பது பாடநூல்களில் நிலைத்துவிட்ட விளக்கம். இது பாதி உண்மையே. எந்தத் தசை, எந்த வரிசையில், எவ்வளவு விசையுடன் சுருங்க வேண்டும் என்பதில் பெரும்பகுதி தண்டுவடத்தில்தான் முடிவாகிறது.

பெருமூளையின் பங்கு முதலில் தெளிவானது 1870இல். குஸ்டாவ் ஃப்ரிட்ச், எடுவார்ட் ஹிட்சிக் ஆகிய இருவரும் பெர்லினில் நாயின் பெருமூளைப் புறணியை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டியபோது உடலின் எதிர்ப்பக்கத் தசைகள் அசைந்தன. 1937இல் பென்ஃபீல்டும் போல்ட்ரேயும் அறுவைச் சிகிச்சையின்போது மனித மூளையைத் தூண்டி, கை, முகம், நாக்கு ஆகியவற்றுக்கு இயக்கப் புறணியில் பரந்த இடம் உண்டென்றும் நடுவுடலுக்குக் குறைவென்றும் காட்டினர். உறுப்பின் பருமனைவிட அதன் இயக்க நுட்பமே அங்கு இடத்தைத் தீர்மானிக்கிறது.

புறணி தனியே செயல்படுவதில்லை. பொருத்தமான இயக்கத்தைத் தேர்ந்து பிறவற்றை அடக்குவதில் அடித்தள முடிச்சுகளுக்கும், நேர ஒழுங்கிலும் பிழை திருத்தத்திலும் சிறுமூளைக்கும் பங்குண்டு. பின்னர்ச் செய்தி புறணி–தண்டுவடப் பாதையில் இறங்குகிறது. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் கொண்ட இப்பாதையில் சுமார் 90 விழுக்காடு முகுளத்தின் கீழ்ப்பகுதியில் மறுபக்கம் கடக்கின்றன. இடப்பக்க மூளையில் பக்கவாதம் தாக்கினால் வலக்கை செயலிழப்பது இதனால்தான்.

இவ்விழைகள் முடியும் இடம் கவனத்துக்குரியது. மனிதரில் விரல்களை இயக்கும் நரம்பணுக்களைச் சில இழைகள் நேரடியாகத் தொடுகின்றன. பெரும்பாலானவை தண்டுவடத்தின் இடைநரம்பணுக்களிலேயே முடிகின்றன. மேலிருந்து வரும் செய்தியும், தசை நீட்சியை உணரும் தசைக்கதிர்களும் தோலும் அனுப்பும் உணர்வும் இங்கே கூடுகின்றன. முழங்கையை மடக்கும் தசை சுருங்குகையில் நீட்டும் தசை தளர்வதற்கு இவ்விடைநரம்பணுக்களே காரணம். எல்லாச் செய்திகளும் இறுதியில் இயக்க நரம்பணுவில் வந்து சேர்வதால் அதனை உடலியங்கியல் அறிஞர் ஷெரிங்டன் ‘இறுதிப் பொதுவழி’ என்றார். சிறிய இயக்க நரம்பணுக்கள் முதலிலும் பெரியவை பின்னரும் செயற்படுவதால் விசை படிப்படியாக ஏறுகிறது. இந்த வரிசையை மூளை ஒவ்வொரு முறையும் வகுத்தனுப்ப வேண்டியதில்லை.

தண்டுவடத்தின் சொந்தத் திறனுக்குச் சான்றுகள் உண்டு. 1911இல் கிரஹாம் பிரவுன், மூளைத் தொடர்பு துண்டிக்கப்பட்ட பூனையின் தண்டுவடம், கால்களிலிருந்து உணர்வுச் செய்தி வராத நிலையிலும், நடைக்குரிய மாறிமாறி வரும் தசைச் சுருக்கங்களை எழுப்புவதைக் கண்டார். 1968இல் லாரன்ஸும் கைப்பர்ஸும் புறணி–தண்டுவடப் பாதையை இருபக்கமும் அறுத்த குரங்குகள், காலப்போக்கில் நடக்கவும் ஏறவும் செய்தன. விரல்களைத் தனித்தனியே அசைக்கும் ஆற்றல் மட்டும் அவற்றுக்குத் திரும்பவில்லை. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் பாதைகளும் தண்டுவடச் சுற்றுகளும் நடைக்குப் போதுமானவை. விரல் நுட்பத்துக்குப் புறணி இன்றியமையாதது.

அவ்வாறாயின் தண்டுவடம் அறுபட்ட மனிதர் ஏன் நடப்பதில்லை? மனிதரின் தண்டுவடச் சுற்றுகள் மேலிருந்து வரும் ஊக்கத்தைப் பெரிதும் சார்ந்தவை. ஊக்கம் நின்றால் அவை உறங்குகின்றன, அழிவதில்லை. 2011இல் வெளியான ஆய்வொன்றில், மார்புக்குக் கீழே இயக்கம் இழந்த ஒருவர், தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்கு மின்தூண்டல் அளித்துப் பல மாதம் பயிற்றுவித்த பின், தூண்டல் நடைபெறும்போது தம் விருப்பப்படி கால்களை அசைத்தார். நோக்கம் மூளையுடையது; அதை இயக்கமாக வடிப்பதில் தண்டுவடமும் பங்காளி. மறுவாழ்வுச் சிகிச்சை இவ்விரண்டையும் சேர்த்தே கருத வேண்டும்.