ஒரு லாட், இரண்டு கூடம்: போடி ஏலமும் சர்வர் கிளஸ்டரும்

போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்றால் இரண்டு பொருள். மலையிலிருந்து இறங்கி வரும் காய் ஒன்று; அதை விற்கும் முறை இன்னொன்று. காயின் பெயர் நமக்குப் பழசு. விற்பனைக்கான சொல் போர்ச்சுகீசியரின் ‘லெய்லாவ்’ என்பதிலிருந்து வந்தது என்பார்கள். பெரிய நிறுவன மென்பொருளை நிற்காமல் ஓடும் கிளஸ்டரில் ஏற்றுகிறவர்கள் இந்த ஏலக் கூடத்தின் கதையைத் தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது.

ஏலக்காய்ச் சட்டம் 1965-ல் வந்தது, வாரியம் 1966-ல். அந்த வாரியம் 1987-ல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட நறுமணப் பொருட்கள் வாரியத்தில் இணைந்தது. உரிமம் பெற்ற ஏலதாரர் கூடத்தில் லாட் லாட்டாகக் காயை வைக்க, வியாபாரிகள் குரல் கொடுத்து விலை கேட்பார்கள். போடியில் 2007-ல் மின்னணு ஏலம் வந்தது. குரல் போய்த் திரை வந்தது. கடைசியாக உயர்ந்த விலை யாருடையதோ, லாட் அவருக்கு.

மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்தில் புற்றடி. ஏலம் இங்கே ஒரு நாள், அங்கே ஒரு நாள் என்று மாறி மாறி நடக்கும். வியாபாரிகள் மலை ஏறி இறங்குவார்கள். 2020-ல் கொரோனாவால் மாநில எல்லையைத் தாண்டுவதே பெரும்பாடு ஆனது. இரண்டு கூடத்திலும் உட்கார்ந்து ஒரே ஏலத்தில் கலந்துகொள்ளும் ஏற்பாடு வந்தது. 2021 தொடக்கத்தில் அது மேகக் கணினி வழிக்கு மாறியது.

இப்போது ஒரு கேள்வி. ஒரு லாட் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு கூடங்களுக்கும் நடுவே இணைப்பு அறுந்துவிட்டால்? போடியில் மின்சாரம் இருக்கிறது, திரை எரிகிறது. புற்றடியிலும் அப்படியே. கூடத்துக்கு ஒரு சர்வர் என்று வைத்து, தனித்தனியாக முடிவெடுக்க விட்டிருந்தால், அந்த ஒரே லாட் போடியில் ஒருவருக்கும் புற்றடியில் இன்னொருவருக்கும் விற்றுப் போகும். மூட்டை என்னவோ ஒன்றுதான். விவசாயிக்கு யார் பணம் தருவது, எந்த விலைக்கு?

‘ரெண்டு சர்வர் வச்சா ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்’ என்பது நாம் வழக்கமாகச் சொல்வது. தண்ணீருக்கு அது சரி. கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப்பைப் பாருங்கள். பெரியாறு நீர் நான்கு ராட்சதக் குழாய்களில் மின் நிலையத்துக்கு இறங்குகிறது. மின் நிலையத்தில் பராமரிப்பு வேலை என்றால் இரைச்சல் பாலம் வழியாகத் திறந்து விடுவார்கள். இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் வந்தாலும் வயலுக்கு நஷ்டமில்லை. ஆனால் ஒரு லாட்டின் முடிவு இரண்டு வழியில் வரக்கூடாது. கிளஸ்டர் அமைப்பதில் இருக்கும் கஷ்டமெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தில்தான்.

வரலாற்றிலும் இந்த வரிசையில்தான் பாடம் படித்தார்கள். 1974-ல் தொடங்கிய டாண்டம் நிறுவனம், நிற்காத கணினி என்று 1976-ல் விற்க ஆரம்பித்தது. அதில் வேலை செய்யும் நிரல் ஒன்று. அதன் நிலையை அவ்வப்போது வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஜோடி நிரல் இன்னொன்று. 1983-ல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் வாக்ஸ் கிளஸ்டரை அறிவித்தது. தனித்தனிக் கணினிகள் வட்டுகளைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டம் அது. ‘நாம் பிரிந்துவிட்டால் யார் பேச்சு செல்லும்’ என்பதற்கு அதில் வாக்கெடுப்பு வைத்தார்கள். பாதிக்கு மேல் வாக்கு உள்ள பக்கம் மட்டும் ஓடும், மற்ற பக்கம் நின்றுவிடும். இரண்டே கணினி என்றால் ஒரு வட்டுக்கு மூன்றாவது வாக்கைக் கொடுக்கலாம். நம்ம ஊர்ப் பஞ்சாயத்தில் ஐந்து பேர் உட்கார்ந்த கணக்கும் இதுதான். இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்தால் அது தீர்ப்பில்லை, சண்டை.

நிறுவன மென்பொருளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். எஸ்ஏபியில் பூட்டுகளைக் காக்கும் என்கியூ சர்வர் என்று ஒன்று உண்டு. ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும் ஆர்டரை இன்னொருவர் தொடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பூட்டுப் பட்டியல் நினைவகத்தில் இருப்பதால், அந்தக் கணினி விழுந்தால் பட்டியலும் போய்விடும். அதனால் இன்னொரு கணினியில் அதன் நகலை வைக்கிறார்கள். பழைய முறையில், முதல் கணினி விழுந்ததும் நகல் இருக்கும் கணினியில்தான் என்கியூ எழ வேண்டும். வேறெங்காவது எழுந்தால் பட்டியல் காலி, பூட்டுகள் அத்தனையும் திறந்த கதைதான். கிளஸ்டர் விதிகளில் இந்த ஒரு வரியைச் சரியாக எழுதுவது, விலை உயர்ந்த சர்வர் வாங்குவதை விட முக்கியம்.

அடுத்தது வேலி. பதில் சொல்லாத கணினி செத்துவிட்டதா, இல்லை வலைத்தொடர்பு மட்டும் போனதா என்பது அடுத்த கணினிக்குத் தெரியாது. ஊகித்துப் பொறுப்பெடுத்தால் இரண்டு தலை முளைத்துவிடும். அதனால் பொறுப்பெடுக்கும் முன் அதன் மின்சாரத்தை வெட்டி, அது நின்றதை உறுதி செய்யணும். லினக்ஸ் உலகில் இதற்கு ‘ஸ்டோனித்’ என்று பெயர்: அந்த இன்னொரு கணினியைத் தலையில் சுடு என்று பொருள். கேட்க முரட்டுத்தனம்தான். ஆனால் இந்த வசதியை அணைத்து வைத்துவிட்டு ‘கிளஸ்டர் ரெடி’ என்பது, இரண்டு கூடத்திலும் சுத்தியலைக் கொடுத்துவிட்டு ஏலத்தைத் தொடங்குவது மாதிரி.

நிற்காமல் ஓடுவதற்கென்றே கட்டும் அமைப்பில், எப்போது நிற்க வேண்டும் என்பதை முதலில் எழுத வேண்டியிருக்கிறது. இணைப்பு போனால் ஒரு கூடம் காத்திருக்கணும்; எந்தக் கூடம் என்பது முன்பே முடிவாகியிருக்கணும். பத்து நிமிடம் நின்ற ஏலத்தைத் திரும்பத் தொடங்கிவிடலாம். இரண்டு பேருக்கு விற்ற லாட்டை எந்த சர்வராலும் பிரித்துக் கொடுக்க முடியாது.