நுரையீரல் புற்றுநோய்: கட்டிக்குள் இருக்கும் மரபணு விகாரம் எத்தனை பேருக்கு?

சண்டிலிப்பாய், மானிப்பாய்ப் பக்கங்களில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும் ஊர் கேட்கும் முதற் கேள்வி, "அவர் சுருட்டுப் பத்தினவரோ?" என்பதுதான். புகையிலைத் தோட்டங்களும் சுருட்டுக் கொட்டில்களும் தலைமுறைகளாக இருந்த யாழ்ப்பாணத்தில் அது நியாயமான கேள்விதான். இந்நோய்க்கு இன்றும் முதற் காரணம் புகைத்தலே. ஆனால் ஒருநாளும் சுருட்டைத் தொடாத பெண்களுக்கும் இது வருகிறது. அப்படியானவர்களின் சிகிச்சையில் மிக முக்கியமான கேள்வி வேறு: கட்டியின் கலங்களில் எந்த மரபணு விகாரம் இருக்கிறது?

புற்றுநோய்க் கலம் ஒன்றில் பல விகாரங்கள் சேர்ந்திருக்கும். அவற்றுள் ஓரிரண்டுதான் வண்டியை ஓட்டும் சாரதிபோல, கலத்தை ஓயாமல் பெருகச் செய்பவை. இவற்றை 'றைவர்' விகாரங்கள் என்கிறார்கள். அநேகமாக எப்போதும் இவை வாழ்நாளில் நுரையீரலில் உண்டானவை. பெற்றோரிடமிருந்து வந்தவையல்ல, பிள்ளைகளுக்குப் போகிறவையுமல்ல. 'மரபணு' என்ற சொல்லைக் கேட்டவுடன் மகளின் கலியாணப் பேச்சை நினைத்துப் பரிசோதனையை மறைக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இவற்றுள் அதிகம் பேசப்படுவது ஈ.ஜி.எவ்.ஆர். மரபணுவின் விகாரம். 2004இல் இது கண்டறியப்பட்டது. சுரப்பிக் கல வகை நுரையீரல் புற்றுநோயில் இது மேற்கு நாட்டவர்களில் 100 பேரில் 10 முதல் 15 பேருக்குக் காணப்படுகிறது. ஆசியாவின் ஏழு இடங்களில் முற்றிய நிலையிலிருந்த நோயாளரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான பயனியர் ஆய்வில் அது 51.4 வீதம். 'ஆசியர்' என்ற ஒரே சொல்லுக்குள் நம்மையும் அடக்கிவிட முடியாது. அதே ஆய்வில் வியட்நாமில் 64.2 வீதம், இந்தியாவில் 22.2 வீதம். மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலையில் 907 பேரைச் சோதித்தபோதும் 23 வீதமே வந்தது. தென்னாசியராகிய நாம் இரண்டுக்கும் இடையில் நிற்கிறோம் என்று கொள்ளலாம். புகைக்காதவர்களிலும் பெண்களிலும் இது கூடுதல். ஆனால் புகைத்தவர்களிலும் உண்டு, ஆகவே புகைத்தவர் என்பதற்காகப் பரிசோதனையைக் கைவிடக்கூடாது.

ஏ.எல்.கே. மாற்றம் 100 பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கும், றொஸ்-1 ஒன்றிரண்டு பேருக்கும் இருக்கும். கேராஸ் மேற்கில் அதிகம், ஆசியாவில் குறைவு.

இந்த எண்களால் நோயாளிக்கு என்ன பயன்? 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வைப் பார்த்தால் விளங்கும். ஈ.ஜி.எவ்.ஆர். விகாரம் உள்ளவர்களில் ஜெபிற்றினிப் குளிசை எடுத்தோரில் 71 வீதமானோருக்குக் கட்டி சுருங்கியது. கீமோ எடுத்தோரில் அது 47 வீதம். விகாரம் இல்லாதவர்களில் நிலைமை தலைகீழ்: குளிசையால் பயன் பெற்றவர் 100க்கு ஒருவரே, கீமோவால் 23 பேர். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் அன்பினால் மருந்துப் பெட்டியை அனுப்பிவிடுகிறார். பரிசோதனை இல்லாமல் அதை விழுங்கினால், கீமோ கிடைத்திருக்க வேண்டிய மாதங்கள் வீணாகும். காசு அனுப்புவதென்றால் முதலில் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

குளிசை நோயை முற்றாக மாற்றுவதில்லை. முற்றிய நோயில், புதிய தலைமுறை மருந்தான ஒஸிமேர்ற்றினிப் எடுத்தவர்களில் நோய் மீண்டும் வளரத் தொடங்க எடுத்த இடைநிலைக் காலம் 18.9 மாதங்கள், பழைய குளிசைகளில் 10.2. ஜெபிற்றினிப்பை இந்திய நிறுவனங்களும் தயாரிப்பதால் விலை இறங்கியிருக்கிறது. ஒஸிமேர்ற்றினிப் இன்னும் சாதாரண குடும்பத்துக்கு எட்டாத விலை.

வலிகாமத்தவர்களுக்கு அருகிலுள்ளது தெல்லிப்பழை வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு. 2011இல் தெவுந்தரையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபவனியில் சேர்ந்த பணத்தில் அதன் கட்டடம் எழுந்தது. மேலதிக சிகிச்சைக்கு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் சென்னைக்கும் போகிறவர்கள் உண்டு. எங்கே போனாலும் தேவைப்படுவது கட்டியிலிருந்து எடுத்த இழையம். பரபின் மெழுகில் பதித்து வைக்கப்படும் அதை வேறு ஆய்வுகூடத்துக்கும் அனுப்பலாம். சிறு துண்டாக எடுத்தால் போதாமல் போகலாம், ஆகவே "மரபணுப் பரிசோதனைக்கும் காணுமா?" என்று பயொப்சிக்கு முன்னரே கேட்டுவிடுங்கள். இழையம் எடுக்க முடியாதபோது இரத்தத்திலும் தேடலாம். ஆனால் இரத்தத்தில் இல்லை என்பதால் கட்டியிலும் இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

காசநோய்க்கு மருந்தெடுத்தும் இருமல் நிற்காவிட்டால், சளியில் இரத்தம் வந்தால், மீண்டும் மார்புச் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். இரண்டுக்கும் ஆரம்ப அறிகுறிகள் ஒன்றுபோலவே இருக்கும்.

போரில் காயப்பட்டவர்களுக்கு இன்னொன்று. ஈ.ஜி.எவ்.ஆர்., ஏ.எல்.கே. வகை நோய் மூளைக்குப் பரவுவது அதிகம் என்பதால் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எழுதுவார்கள். அந்தக் காந்தப் புலத்தில் உடலுக்குள் இருக்கும் இரும்புத் துண்டு அசையக்கூடும். முள்ளிவாய்க்காலிலோ அதற்கு முன்னரோ பட்ட ஷெல் சிதறு துண்டு இன்னும் உடம்பில் இருந்தால், எந்த இடத்தில் என்பதை ஸ்கான் எடுப்பவரிடம் முதலே சொல்லுங்கள். எக்ஸ்றே எடுத்துப் பார்த்து, தேவையானால் சி.ரி. ஸ்கானுக்கு மாற்றுவார்கள்.